பெல்விக் ஃப்ளோர் எத்தனையாவது மாடி?

என் பொண்டாட்டி பஸ் ஓட்டுறா. மினி பஸ் இல்லங்க, டபுள் டெக்கர்! ஊரோட மேற்குக் கோடி சுவா சூ காங்ல கிளம்பி, புக்கிட் தீமா வழியா தேக்காவைத் தொட்டுட்டு, கிழக்குக் கோடி தெம்பனிஸ் போய்ச் சேர்ற ரூட். ஒரு ட்ரிப்புக்கு ரெண்டு மணி நேரம். ஜாம் இருந்தா அதுக்கும் மேல. இந்த ஊர்ல பஸ் ட்ரைவர்னு சொல்றதில்ல, பஸ் கேப்டன். தாரணிக்கு அந்தப் பேர் மேல அப்படி ஒரு ஆசை. வீட்டிலயும் அவதான் கேப்டன், அதை நான் எங்க வேணாலும் ஒத்துக்குவேன்.

நான் கபிலன். லிஃப்ட் டெக்னீஷியன். அடுக்குமாடி ப்ளாக்ல லிஃப்ட் மக்கர் பண்ணிச்சுன்னா டூல் பேக்கைத் தூக்கிட்டு ஓடி வர்ற ஆளு நான்தான். அவ ஊரைக் குறுக்கால ஓட்டுறா, நான் நெட்டுக்குத்தா ஓட்டுறேன்னு எங்க கல்யாணத்துல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுச் சொல்லி, கைதட்டல் அள்ளிட்டுப் போனாரு.

தாரணி அஞ்சடி ஒரு இன்ச்தான். முன்னாடி தெம்பனிஸ்ல ஒரு ஆபீஸ்ல ஃபோன் எடுத்துப் பேசுற வேலை. "நாள் பூரா யாரோ திட்டுறதைக் கேட்டுக்கிட்டு ஸாரி ஸாரின்னு சொல்றேன் கபி. வாழ்க்கைல ஒரு தடவையாவது பெருசா ஒண்ணை நான் நகர்த்தணும்"னு சொன்னா. நான் ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொல்லுவாளோன்னு பாத்தேன். மறுநாள் போய் பஸ் கம்பெனியில பேரைக் குடுத்துட்டு வந்துட்டா! சீட்டை முன்னாடி இழுத்து, ஏத்தி, கண்ணாடியைத் திருப்பி, அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடிச்ச முதல் நாள் ஃபோட்டோ இன்னும் எங்க ஹால்ல தொங்குது. எங்க கல்யாண ஃபோட்டோ அதுக்குக் கீழேதான்.

அவளோட சொத்து ஒண்ணு இருக்கு. நீல பாட்டில், ஒன்றரை லிட்டர் பிடிக்கும். காலையில ரொப்பி எடுத்துட்டுப் போவா, தெம்பனிஸ் போறதுக்குள்ள காலி பண்ணுவா, அங்க மறுபடி ரொப்புவா. "ஏசி காத்துல உட்கார்ந்து ஓட்டுறவ தண்ணி குடிக்கலேன்னா தலைவலி பிச்சுக்கும்"னு எல்லாருக்கும் க்ளாஸ் எடுப்பா. இந்த பாட்டிலை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதும் எனக்குத் தலைகால் புரியலை. அன்னைக்கு மூணு ப்ளாக்ல லிஃப்ட் சர்வீஸ் பண்ணேன், உள்ளே ஏறினவங்க எல்லாருக்கும் குட் மார்னிங் சொன்னேன், சாயங்காலம் நாலு மணிக்கும் குட் மார்னிங்தான். ஆறாவது மாசம் கம்பெனி அவளை டிப்போ கண்ட்ரோல் ரூம்ல உட்கார வச்சாங்க. பிள்ளை பொறந்து லீவு முடிஞ்சதும் மறுபடி பஸ்ல ஏறணும், அதான் அவ கணக்கு. வயித்தைத் தடவிக்கிட்டே, "நீ வெளிய வா, அம்மா உன்னை மேல் டெக்ல முன் சீட்ல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்"னு பேசுவா.

ஏழாவது மாசம் இடுப்பு பிடிச்சுது. சாதாரணப் பிடிப்பு இல்ல. இடுப்பெலும்பு முன்பக்கம் சேர்ற இடத்துல கத்தி வச்சுக் கீறின மாதிரி வலி. படுக்கையில திரும்ப முடியலை, பேன்ட்ல ஒரு காலை நுழைக்க முடியலை. "படி ஏற முடியலையே கபி, பஸ்ல எப்படி ஏறுவேன்"னு அப்பவே கேட்டா. கைனி டாக்டர்கிட்டே போனோம். பயப்பட ஒண்ணுமில்ல, நிறைய பேருக்கு வர்றதுதான், கர்ப்பிணிகளைப் பாக்குற ஒரு ஆஸ்டியோபாத் கிட்டே போறதுன்னா தாராளமாப் போகலாம்னு சொன்னாங்க.

அப்படித்தான் ருக்சார் வந்தாங்க எங்க வாழ்க்கைக்குள்ள. தேக்கா பக்கத்துல ஒரு ஆறு மாடிக் கட்டடத்துல அவங்க க்ளினிக். கையாலேயே மூட்டும் தசையும் எப்படி அசையுதுன்னு பாத்து, இறுக்கமான இடத்தைத் தளர்த்தி, கூடவே எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்குறவங்க. தாரணியைப் பக்கவாட்டுல படுக்க வச்சு, முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சு, மெத்துன்னு முதுகையும் இடுப்பையும் பாத்தாங்களாம். "ரெண்டு முட்டியும் ஒட்டியே இருக்கட்டும். கட்டில்ல இருந்து எழுந்தாலும் சரி, கார்ல இருந்து இறங்கினாலும் சரி, சேலை கட்டின ராணி மாதிரி சேர்த்தே திருப்புங்க"ன்னு சொன்னாங்களாம். மூணாவது வாரம் தாரணி தனியா பேன்ட் போட்டுக்கிட்டு வந்து ஹால்ல நின்னா. ஒலிம்பிக்ல மெடல் வாங்கினவ கூட அப்படி நின்னிருக்க மாட்டா!

இப்பதான் என் மானம் போன கதை. ஒரு நாள் மெசேஜ் வருது: "ஆறு மணி. ருக்சார் பில்டிங். பெல்விக் ஃப்ளோர். புருஷனும் வரணும். லேட்டா வந்தே, செத்தே."

நான் லிஃப்ட்காரன். ஃப்ளோர்னா எனக்கு மாடி. வேற என்னன்னு நினைப்பேன்? அஞ்சு அம்பதுக்கே போய் லிஃப்ட்ல ஏறிட்டேன். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் பட்டன் இருக்கு, பெல்விக் இல்ல. கீழே வந்து போர்டைப் பாத்தேன். டெய்லர் இருக்கு, வக்கீல் இருக்கு, ட்யூஷன் சென்டர் இருக்கு. செக்யூரிட்டி அங்கிளைக் கேட்டேன், "பெல்விக் ஃப்ளோர் எது?" அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "அந்த மாதிரி ஃப்ளோர் இங்க இல்ல லா"ன்னுட்டாரு. சரி, மாடி மாடியாத் தேடுவோம்னு கிளம்பினேன். மூணாவது மாடியில ட்யூஷன் டீச்சர்கிட்டே, அத்தனை பிள்ளைங்க நடுவுல, "மேடம், பெல்விக் இங்கதானா?"ன்னு சத்தமாக் கேட்டேன். அவங்க கதவைச் சாத்திட்டாங்க!

அஞ்சாவது மாடியில ஒரு கதவைத் திறந்தா, தரையெல்லாம் பாய், பாய் மேல எட்டு கர்ப்பிணிப் பொண்ணுங்க, ஒவ்வொருத்திக்கும் பின்னாடி தலகாணியோட ஒரு புருஷன். தாரணிக்குப் பின்னாடி மட்டும் வெறும் சுவர். அவ பார்வையிலயே நான் பாதி வெந்துட்டேன்.

"ஸாரி ஸாரி! பெல்விக் ஃப்ளோர் எத்தனையாவது மாடின்னு கீழே போர்டுல போடவே இல்ல!"

ஒரு சிரிப்பு பாருங்க, எட்டு வயிறும் குலுங்குது. தாரணி முகத்தை மூடிக்கிட்டு, "இவர்தான் என் புருஷன். லிஃப்ட் டெக்னீஷியன்"னு அறிமுகம் வேற பண்றா. நான் அசடு வழிஞ்சுக்கிட்டே போய் உட்கார்ந்தேன். வந்ததுக்கு, "இந்தக் கட்டடத்து லிஃப்ட் நிக்கிறப்போ ரெண்டு சென்டிமீட்டர் எறங்கி நிக்குது, கர்ப்பிணிங்க வர்ற இடம், தடுக்கும்"னு ஒரு கம்ப்ளெயின்டும் சொன்னேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலை.

ருக்சார் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "நல்ல ஆளு வந்திருக்காரு. இன்னைக்குப் பாடமே லிஃப்ட்தான்"னாங்க. பெல்விக் ஃப்ளோர்னா இடுப்பெலும்புக்கு அடியில தொட்டில் மாதிரி கட்டியிருக்கிற தசை. குழந்தை, மூத்திரப்பை, எல்லா பாரத்தையும் அதுதான் தாங்குது. அதை ஒரு லிஃப்ட்னு நினைச்சுக்கணும். மூச்சை விட்டுக்கிட்டே கதவைச் சாத்தி, ஒண்ணாவது மாடி, ரெண்டு, மூணு, மெல்ல மெல்ல மேலே. அடேங்கப்பா! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இத்தனை வருஷமா நான் பாக்குற வேலை என் பொண்டாட்டி உடம்புக்குள்ளேயே இருக்குன்னு யாரு சொன்னாங்க எனக்கு?

மூணாவது மாடி வந்ததும் என் ஃபோன் அடிச்சுது. ஒரு ப்ளாக்ல லிஃப்ட் நின்னுபோச்சு, உள்ளே ஆள், போயிருக்கிற புதுப் பையனுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வெளிய காரிடார்ல நின்னு அவனுக்கு ஒவ்வொண்ணாச் சொல்லி, ஆளை இறக்கி முடிக்க அரைமணி ஆச்சு. திரும்பி வந்தா பாயைச் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க. சரி, விஷயம்தான் புரிஞ்சிடுச்சே, லிஃப்ட் மேலே போகணும், அவ்வளவுதானேன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த அரைமணி நேரத்துல நான் எதை விட்டேன்னு தெரிய மூணு மாசம் ஆச்சு.

வர்ஷா பொறந்தா! மூணு கிலோ நானூறு, அம்மா மாதிரியே குரல். ஆஸ்பத்திரி முழுக்க ஹார்ன் அடிச்சா. தெம்பனிஸ்ல இருந்து என் மாமியார் பூவம்மா ஒரு பெட்டி நிறைய பூண்டும் மிளகும் பெருங்காயமும் எடுத்துட்டு வந்து இறங்கிட்டாங்க. "பச்சை உடம்புக்காரி, நாப்பது நாளைக்குக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. எக்சர்சைஸாம் எக்சர்சைஸ்! மாப்ள, உங்க லிஃப்ட்டையெல்லாம் வெளிய வச்சுக்கோங்க"ன்னு முதல் நாளே ஆர்டர். பழைய நூல் சேலையை வயித்துல சுத்தி, கட்டில் மேல ஏறி நின்னு இழுத்துக் கட்டுவாங்க. தாரணி "அம்மா, மூச்சு!"ன்னு கத்துவா. "மூச்சு இருக்கில்ல, அது போதும்"னு பதில் வரும்.

அப்பதான் பாட்டிலைக் கவனிச்சேன். பால் குடுக்குறவ பக்கத்துல நீல பாட்டிலை ரொப்பி வைப்பேன். வேலை முடிஞ்சு வந்து பாத்தா அப்படியே இருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, அஞ்சு வாரம். "தண்ணி குடிடி"ன்னா "குடிச்சேன்"னு பொய் சொல்லுவா.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அத்தை பத்தியக் குழம்புக்கு மிளகு வறுத்தாங்க. வீடே கமறுது. எனக்குத் தும்மல், அத்தைக்குத் தும்மல், தாரணிக்கும் ஒரு தும்மல். அவ்வளவுதான், வர்ஷாவை என் கையில திணிச்சுட்டு பாத்ரூமுக்குள்ள ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டா. கதவுல காதை வச்சேன், அழுறா. பஸ்ஸுக்குள்ள ரெண்டு குடிகாரனுங்க அடிச்சுக்கிட்டப்போ எழுந்து போய் விலக்கிவிட்டவ அவ! அவ அழுது நான் பாத்ததே இல்ல.

ரொம்ப நேரம் கழிச்சுக் கதவைத் திறந்தா. "தும்மினா போகுது கபி. சிரிச்சா போகுது. வர்ஷாவைத் தூக்கினா போகுது. அதான் தண்ணி குடிக்கறதில்ல. ரெண்டு மணி நேரம் பஸ்ல எப்படி உட்காருவேன்? நடுவுல எங்க நிறுத்துவேன்? யூனிஃபார்ம்ல, அத்தனை பேர் பாக்க... என்னால முடியாது."

வர்ஷாவைத் தோள்ல மாத்திப் போட்டேன். "நம்மகிட்டே லிஃப்ட் இருக்குல்ல? ஏத்துவோம்"னேன்.

ஏத்தினேன் பாருங்க, ஏத்தினேன்! ஆறு வார செக்-அப் முடிஞ்சு டாக்டர் எக்சர்சைஸ் பண்ணலாம்னு சொன்னதும் நான் கோச் ஆயிட்டேன். நான் ஒரு நாளைக்குப் பன்னெண்டு, பதினாலு லிஃப்ட் பாக்குறவன். ஒவ்வொரு லிஃப்ட்டையும் மேலே அனுப்புறப்போ அவளுக்கு ஒரு மெசேஜ்: "அப்!" மெசேஜைப் பாத்ததும் அவ இழுத்துப் பிடிக்கணும். பிடிச்சா விடக்கூடாது, எவ்வளவு நேரம் தாங்குதோ அவ்வளவு நேரம். வேண்டாம்னு சொன்ன அத்தையே கட்சி மாறிட்டாங்க. குழம்பைக் கிண்டிக்கிட்டே, "தாரணி, மாப்ள அப்னு அனுப்பிட்டாரு, இழு இழு!"ன்னு குரல் குடுப்பாங்க. தாரணியும் விடாப்பிடிக்காரி. பால் குடுக்குறப்போ பிடிச்சா, துணி காயப்போடுறப்போ பிடிச்சா, பல்லைக் கடிச்சுக்கிட்டு பிடிச்சா.

மூணு வாரம் போச்சு. குறையும்னு பாத்தா, ஜாஸ்தி ஆச்சு! வால் எலும்புல வலி, உட்கார முடியலை. பாத்ரூம் போனாலே வலி. தும்மினா முன்னைவிட மோசம். "இன்னும் பத்தலை, எண்ணிக்கையைக் கூட்டுவோம்"னு நான் இருபது ஆக்கினேன். என்னை என்ன சொல்றது?

பிரசவ லீவு பதினாறு வாரம். அதோட சொந்த லீவு ரெண்டு வாரம் சேர்த்திருந்தா. அது முடியுறதுக்குள்ள டாக்டர் லெட்டர் வேணும், டிப்போவில ஓட்டிக் காட்டணும். ஒன்பதாவது வாரம் ஒரு சாயங்காலம் ஃபோனை என் முன்னாடி நீட்டினா. இங்கிலீஷ்ல ஒரு ஈமெயில். பஸ் ஓட்டுறதில் இருந்து விடுவிச்சு நிரந்தரமா கண்ட்ரோல் ரூம்லயே போட்டுடுங்கன்னு எழுதியிருக்கா.

"அனுப்பட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணினா..."

"ட்ரையா? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்டா! உன் லிஃப்ட்டைத் தூக்கிக் குப்பையில போடு!"

எனக்கும் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நல்லதுக்குத்தானே சொல்றேன்னு கத்தினேன், அவ கத்தினா, வர்ஷா கத்தினா. பூவம்மா அத்தைதான் கரண்டியை ஆட்டிக்கிட்டு நடுவுல வந்தாங்க. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அந்த ருக்சார் பொண்ணுகிட்டே போய்க் கேளுங்க. அதை விட்டுட்டு வீட்டுக்குள்ளயே டாக்டர் வேலை பாக்குறீங்களே!"

ருக்சார் முதல்ல தாரணியை மல்லாக்கப் படுக்க வச்சு, சும்மா மூச்சு விடச் சொன்னாங்க. விலா எலும்புல ஒரு கை, அடிவயித்துல ஒரு கை. இடுப்பைப் பாத்தாங்க, வயித்துக்கட்டைப் பாத்தாங்க. "இவ்வளவு இறுக்கிக் கட்டினா உள்ளே இருக்கிறதெல்லாம் கீழேதான் தள்ளும், இது வேணாம்"னாங்க.

அப்புறம் கேட்டாங்க, "வயிறு கல்லாட்டம் இருக்கு, தாடையும் இறுகிப் போயிருக்கு. லிஃப்ட் பண்றீங்களா?"

"பண்றேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. பிடிச்சா விடறதே இல்ல."

"மேலே போகுது, சரி. எப்ப கீழே இறக்குறீங்க?"

நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டோம், "இறக்கணுமா?"

"அன்னைக்கு க்ளாஸ்ல பாதி நேரம் அதைத்தானே சொன்னேன்!"

"அது பிரசவத்துக்குன்னு நினைச்சேன்"னு தாரணி முனகினா. "பிள்ளை வெளிய வர்றதுக்குத்தான் இறக்கணும், கதவைத் திறக்கணும்னு. அதுக்கப்புறம் ஏத்துறது மட்டும்தான்னு இவர் சொன்னாரு."

இவர் யாரு? நான்தான். அந்தப் பாதி நேரம் காரிடார்ல ஃபோன் பேசிக்கிட்டு இருந்த நான்தான். என் முகத்துல ஈயாடலை.

ருக்சார் என் பக்கம் திரும்பினாங்க. "மிஸ்டர் கபிலன், ஒரு லிஃப்ட் மேல் மாடியிலயே நின்னுக்கிட்டு கீழே வரவே மாட்டேங்குது. உங்க வேலையில அதுக்கு என்ன பேரு?"

"ப்ரேக்டவுன்."

"கீழே நிக்கிறவங்க பட்டனை அழுத்துறாங்க. வருமா?"

"எப்படி வரும்? அதான் மேலே மாட்டிக்கிச்சே."

"தும்மல் வர்றப்போ தசை மேலே போய்ப் பிடிக்கணும். ஏற்கனவே மேலேயே இருக்கிறது இன்னும் எங்க போகும்?"

நாற்காலியில இருந்து எழுந்தே நின்னுட்டேன்! பதினோரு வருஷமா லிஃப்ட் பாக்குறவன்யா நான். மேலே மாட்டிக்கிட்ட லிஃப்ட்டை இறக்கி இறக்கிச் சம்பளம் வாங்குறவன். என் வீட்டு லிஃப்ட்டை நானே மேலே ஏத்தி, சாவியைக் கையில வச்சுக்கிட்டு, இன்னும் ஏறு இன்னும் ஏறுன்னு கத்தியிருக்கேனே! செவுத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு. தாரணி என்னைப் பாத்தா. திட்டப் போறான்னு நினைச்சேன். அவ சிரிக்க ஆரம்பிச்சுட்டா, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துச்சு. "அப்ப என் உடம்பு கெட்டுப்போகலையா?"ன்னு கேட்டா.

"கெட்டுப்போகலை. களைச்சுப்போச்சு"ன்னாங்க ருக்சார்.

தானே முடிவு பண்ணாம, ஆஸ்பத்திரியில பெண்களுக்குன்னே இருக்கிற பிசியோவுக்கு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க. அந்த பிசியோம்மாவும் உள்ளே செக் பண்ணிட்டு இதையேதான் சொன்னாங்க: பலம் இருக்கு, தளரத் தெரியலை. ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு திட்டம் போட்டுக் குடுத்தாங்க. முதல் ரெண்டு வாரம் ஏத்துறதே கிடையாது. மூச்சை இழு, விலா விரியட்டும், லிஃப்ட் கீழே வரட்டும், கதவு திறக்கட்டும். அவ்வளவுதான். நாலு கால்ல நின்னு முதுகை வளைச்சு நிமிர்த்துறது, கிச்சன் சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுந்திரிக்கிறது, சாயங்காலம் வர்ஷாவைத் தள்ளுவண்டியில வச்சு நடக்குறது. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தம். ஏத்தினா இறக்கணும், அதுவும் தொப்புன்னு விடாம மாடி மாடியா.

தாரணி அந்த ஈமெயிலை அனுப்பாமலே அழிச்சுட்டா. என் மெசேஜும் மாறிப்போச்சு. "கீழே வா, கதவைத் திற." ஒரு தடவை தப்பா, ப்ளாக்கையெல்லாம் நிர்வாகம் பண்ற டவுன் கவுன்சில் ஆபீஸருக்கு அதை அனுப்பிட்டேன். அவர் நிஜமாவே கீழே வந்து கதவுகிட்டே நின்னாரு!

ஒரு நாள் பாயைப் போட்டு தாரணி பண்றப்போ, பக்கத்துல இன்னொரு பாய். பூவம்மா அத்தை! நாங்க பாத்ததும் முறைச்சாங்க. "என்ன பாக்குறீங்க? இவளைப் பெத்ததுல இருந்து தும்முறப்போ காலைக் குறுக்கிக்கிட்டுத்தான் நிக்கிறேன். முப்பத்தி மூணு வருஷம். பொம்பளைன்னா அப்படித்தான்னு நினைச்சேன். இப்படி ஒண்ணு இருக்குன்னு யாராவது வாயைத் திறந்தாங்களா?" தாரணி எழுந்து போய் அம்மாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. நான் கிச்சனுக்குப் போய் எதையோ தேடுற மாதிரி நின்னேன்.

பதினேழாவது வாரம் டாக்டர் லெட்டர் கிடைச்சுது. டிப்போவில சீனியர் கேப்டன் ஜமால் முகம்மது அண்ணன் பக்கத்துல உட்கார, கிராஞ்சி பக்கம் காலி பஸ்ஸை ஓட்டிக் காட்டினா. நான் அந்த நேரம் ஒரு ப்ளாக் மொட்டைமாடி மோட்டார் ரூம்ல, எந்த வயரைக் கழட்டினேன்னு எனக்கே தெரியாம இருந்தேன். "பாஸ்! அண்ணன் சொல்றாரு நான் லீவுல போனதே தெரியலையாம்!"னு மெசேஜ். கத்தின கத்துல கீழ்மாடிக்காரங்க எட்டிப் பாத்தாங்க.

ஆனா வீட்டுக்கு வந்தவ பையைத் திறந்தேன். நீல பாட்டில் காஞ்சு கிடக்கு. அன்னைக்கு பூரா ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போய் ஓட்டிட்டு வந்திருக்கா. டெஸ்ட்ல பாஸ் பண்ணது கேப்டன். உள்ளே இருக்கிற பயம் இன்னும் அப்படியேதான் இருந்துச்சு. நான் பாட்டிலைக் கழுவிக் கவுத்து வச்சேன்.

முதல் நாள் வந்துச்சு. நான் லீவு போட்டேன். வர்ஷாவை நெஞ்சுல கட்டிக்கிட்டு, அத்தையோட, சுவா சூ காங்ல காலை ஒன்பதரை மணி ட்ரிப்புக்கு வரிசையில நின்னேன். யூனிஃபார்ம்ல தாரணி! எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. "கார்டைத் தட்டுங்க அங்கிள், பின்னாடி ஆள் நிக்கிறாங்க"ன்னு என்னைப் பாத்தே சொல்றா! மேல் டெக் இன்னொரு நாளைக்குன்னு, அவளைப் பாக்குற மாதிரி கீழ முன்பக்கத்துலயே உட்கார்ந்தோம். சீட்டு பக்கத்துல நீல பாட்டில், நான் ரொப்பிக் குடுத்தது, மூடி திறக்காம.

புக்கிட் தீமா தாண்டிச்சு. ஓட்டுறது என்னவோ வெண்ணெய்ல கத்தி போற மாதிரிதான். பாட்டில் பக்கம் மட்டும் கை போகலை. ஒரு சிக்னல், ரெண்டு சிக்னல், அவ நாக்கால உதட்டை ஈரம் பண்ணிக்கிறா. குடிடி, குடிடின்னு மனசுக்குள்ள அடிச்சுக்கிட்டேன்.

தேக்கா ஸ்டாப். கதவு திறந்துச்சு. ஒரு அம்மா மாவு மில்லுல இருந்து நேரா வர்றாங்க போல, அரைச்ச மிளகாய்த்தூள் சூடு ஆறாம, பை வாய் திறந்தபடி. கார்டைத் தட்டுறதுக்கு பையைத் தூக்கி கேப்டன் பக்கத்துல வச்சாங்க.

தாரணி மூக்கைச் சுருக்கினா. நான் வர்ஷாவை இறுக்கிப் பிடிச்சேன். அத்தை என் கையைப் பிடிச்சாங்க.

ஒரு தும்மல். ரெண்டு. மூணாவது பஸ்ஸே அதிர்ற மாதிரி!

யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஏறுறவங்க ஏறுறாங்க, தட்டுறாங்க. எங்க மூணு பேருக்கு மட்டும்தான் உயிர் போய்ப் போய் வருது. தாரணி அசையாம உட்கார்ந்திருந்தா. அப்புறம் கண்ணாடியில என்னைப் பாத்தா. ஸ்டியரிங் மேல இருந்த ஆட்காட்டி விரல் மேலே நிமிர்ந்துச்சு. ஒரு நொடி அங்கேயே நின்னுச்சு. மெல்ல, மாடி மாடியா, கீழே வந்துச்சு.

"மாப்ள!"ன்னு அத்தை என் தோள்ல ஒரு அறை விட்டாங்க. "நானும் கூடவே தும்மினேன், கவனிச்சீங்களா? காலைக் குறுக்கலை!"

தாரணி பாட்டிலை எடுத்தா. மூடியைத் திருகினா. கடைசி ஆள் ஏறி உட்கார்ற வரைக்கும் மடக் மடக்குன்னு குடிச்சா, தாடையில வழியுது, துடைக்கக்கூட இல்ல. அப்புறம் எங்க ப்ளாக் லிஃப்ட்ல பேசுற பொண்ணு குரல்ல, பஸ் முழுக்கக் கேக்குற மாதிரி, "டோர் க்ளோசிங்!"னு சொல்லிக் கதவை மூடினா. பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அவளும் வாய்விட்டுச் சிரிச்சுக்கிட்டே பஸ்ஸைக் கிளப்பினா.

தெம்பனிஸ் போய்ச் சேர்றப்போ பாட்டில் காலி. இறங்குறதுக்கு முன்னாடி அதை என்கிட்டே நீட்டி, "போய் ரொப்பிட்டு வா கபி, திரும்பப் போகணும்"னா.